மதில் சூழ்ந்த அவிலா

ஸ்பெயின் தேசத்துக்குப் போகிறவர்கள் மாட்ரிட் நகரத்து அரண்மனையைப் பார்க்கிறார்கள், சித்திரசாலைகளைப் பார்க்கிறார்கள், நெஞ்சுத் துணிவுள்ளவர்கள் காளைச் சண்டையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நாங்களும் முதல் இரண்டு நாள் அரண்மனை, சித்திரசாலை என்று கால் வலிக்கச் சுற்றினோம். மூன்றாம் நாள் என் கணவருக்கு அலுவல் இருந்தது. "நீயும் அக்காவும் எங்கேயாவது போய்விட்டு வாருங்கள். அது கடைத்தெருவாக மட்டும் இல்லாமல் இருந்தால் எனக்கு க்ஷேமம்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

அக்கா என்றது என் பெரிய நாத்தனார் ருக்மிணி அக்காவை. அத்திம்பேர் காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே, நாலு இடம் பார்த்தால் மனசு மாறும் என்றுதான் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தோம். அக்கா அழுகிற ரகம் இல்லை. சமைப்பார், சிரிப்பார், குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் நாற்பது வருஷமாக விடியற்காலையில் விளக்கேற்றி உட்கார்ந்தவர், அத்திம்பேர் போன நாளிலிருந்து பூஜை அறைப் பக்கம் போவதில்லை. ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். "கோபம் இல்லேடி. உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. வெறும் சுவரைப் பார்த்துண்டு உட்காருவதற்கு ஒரு விளக்கு எதற்கு?" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவிலாவுக்குப் போகலாம் என்று சொன்னவள் நான்தான். அந்த ஊரில் பிறந்த தெரேசம்மாள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை எப்போதோ படித்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அலமாரியில் வைத்திருந்தேன். தெரேசா என்றதும் நம்மில் பலருக்குக் கல்கத்தாவில் தொண்டு செய்த அன்னை தெரேசாவின் நினைவு வரும். கான்வென்டில் படித்தவர்களுக்கு, ரோஜாப் பூக்களை அணைத்துக்கொண்டு நிற்கும் 'சிறுமலர்' குழந்தை தெரேசாள் நினைவு வரும். இருவரும் பின்னால் வந்தவர்கள். அன்னை தெரேசா தம் பெயரைச் சிறுமலரிடமிருந்து எடுத்துக்கொண்டார். பிரான்ஸ் தேசத்துச் சிறுமலரோ, அவிலா தெரேசம்மாள் சீர்திருத்தி அமைத்த கார்மேல் சபையில் கன்னியாஸ்திரீயாக இருந்தவர். உறவு முறை சொல்வதானால் நம் தெரேசம்மாள் பாட்டி ஸ்தானம்.

மாட்ரிட்டிலிருந்து அவிலா வடமேற்கே சுமார் 110 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிறது. வழியில் எஸ்கோரியால் என்ற இடம் வருகிறது. இரண்டாம் பிலிப் மன்னன் கட்டிய பெரிய மடமும் அரண்மனையும் அங்கே இருக்கின்றன. தெரேசம்மாள் கைப்பட எழுதிய 'சரித்திர'த்தை அந்த மன்னன் வாங்கி அங்கே புத்தகசாலையில் வைத்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் பைன் மரங்கள் குறைந்து, பாறைகள் அதிகமாகின்றன. யாரோ ராட்சதக் குழந்தை விளையாடிவிட்டு எடுத்துவைக்காமல் போனதுபோல் உருண்டைப் பாறைகள். 1,130 மீட்டர் உயரத்தில் ஊர். ஏப்ரல் மாதம்தான், ஆனாலும் ரயிலை விட்டு இறங்கியதும் காற்று ஊசியாகக் குத்தியது. அக்கா புடவைத் தலைப்பைக் காது வரைக்கும் இழுத்து, அதன் மேல் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டார்.

முதலில் ஊருக்குள் போகாதீர்கள், ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய் அங்கிருந்து ஊரைப் பாருங்கள் என்று ஹோட்டலில் சொல்லியிருந்தார்கள். அப்படியே டாக்ஸி பிடித்துப் போனோம். அதாஹா என்ற சின்ன ஆறு. அக்கரை மேட்டில் நான்கு கல் தூண்கள், நடுவே ஒரு கற்சிலுவை. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால், அடாடா! ஊர் முழுவதும் ஒரு மதிலுக்குள் அடங்கிக் கிடக்கிறது. இரண்டரைக் கிலோமீட்டர் நீளம், ஒன்பது வாசல்கள், எண்பத்தெட்டு அரைவட்டக் கொத்தளங்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்து மதில், ஒரு பல்லும் விழாத கிழவரைப்போல் முழுசாக நிற்கிறது. 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இதை அறிவித்திருக்கிறார்கள். மேலே கோபுர உச்சிகளில் நாரைகள் கூடு கட்டியிருந்தன.

இந்தத் தூண்களுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். தெரேசாவுக்கு ஏழு வயசு இருக்கும். அண்ணன் ரோட்ரிகோவோடு சேர்ந்து ரகசியமாக ஒரு திட்டம். மூர்கள் நாட்டுக்குப் போவது; அங்கே தலையை வெட்டிவிடுவார்கள்; நேரே சொர்க்கம். 'என்றென்றைக்கும், என்றென்றைக்கும்' என்று இரண்டு குழந்தைகளும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வார்களாம். ஒரு நாள் புறப்பட்டே விட்டார்கள். சிற்றப்பா குதிரையில் வந்து இந்த இடத்தில் மடக்கி வீட்டுக்கு அழைத்துப் போனார் என்பது ஊர் வழக்கு. விசாரணையில் அண்ணன், "நான் என்ன செய்வேன், இவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்" என்றானாம்.

"அம்மா எப்படித் தவித்திருப்பாள்! அதைச் சொல்லியிருக்கிறாளோ?" என்று அக்கா கேட்டார். சொர்க்கம், வீரம் ஒன்றும் அவருக்குப் படவில்லை.

அந்த அம்மாவின் கதை வருத்தமானது. பெயட்ரீஸ் அம்மாள் சின்ன வயசிலேயே இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு, வரிசையாகக் குழந்தைகளைப் பெற்று, நோயும் படுக்கையுமாக இருந்து, 33-வது வயசில் கண்ணை மூடிவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் கதைப் புத்தகம். வீரர்கள் குதிரையில் போய் ராஜகுமாரிகளை மீட்கும் சாகசக் கதைகள். தகப்பனாருக்கு அவை பிடிக்காது. ஆகவே அவருக்குத் தெரியாமல் அம்மாவும் பெண்ணுமாகப் படிப்பார்கள். புதிய புத்தகம் கையில் இல்லாவிட்டால் தமக்கு நிம்மதியே இருக்காது என்று தெரேசம்மாளே எழுதியிருக்கிறார்.

"எங்கம்மா மட்டும் என்னவாம்? தொடர்கதை வருகிற நாளில் அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது" என்றார் அக்கா. அக்காவின் அம்மா என்றால் என் மாமியார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்குள், தெரேசம்மாள் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு மடமும் கோயிலும் இருக்கின்றன. 1636-ல் திறந்தார்களாம். பீடம், பொன் வேலைப்பாடு எல்லாம் பிரமாதம். ஆனால் அங்கே வீட்டின் சாயல் கொஞ்சமும் இல்லை. பக்கத்தில் ஒரு சிறு காட்சி அறை. அதில் அவருடைய காலணி, ஜெபமாலை, கண்ணாடிக்குள் ஒரு விரல்! மோதிரம் போட்ட விரல். அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். புண்ணியவதியின் உடம்பை இப்படிப் பங்கு போட்டு வைப்பது அந்தக் காலத்து ஐரோப்பிய வழக்கம். இடது கை ஒன்றை 1937-லிருந்து சாகும்வரையில் சர்வாதிகாரி பிராங்கோ தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தார். பக்தி என்று சொல்வதா, வேறு என்ன சொல்வதா, எனக்குத் தெரியவில்லை.

வீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். 1515-ல் தெரேசா பிறந்தபோது அது ஊரில் மதிப்பான குடும்பம். ஆனால் தாத்தா டொலீடோ நகரத்து யூத வம்சத்து வியாபாரி. கிறிஸ்தவராக மாறிய பிறகும் பழைய மத ஆசாரங்களைக் கைவிடவில்லை என்ற குற்றத்துக்காக, 1485-ல் மத விசாரணைச் சபையார் அவரை அவமான அங்கி போட்டுக் கோயில் கோயிலாக நடக்க வைத்தார்கள். பிறகுதான் அவர் அவிலாவுக்கு வந்து புது வாழ்வு தொடங்கினார். நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்த இந்தச் செய்தி 1946-ல்தான், பழைய வழக்குக் காகிதங்களிலிருந்து வெளிவந்தது. குலப்பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் தெரேசம்மாளுக்கு ஏன் அவ்வளவு அலுப்பு என்று அதற்குப் பிறகுதான் பலருக்குப் புரிந்தது.

மதிலோடு மதிலாக ஒட்டிக் கட்டிய பெரிய கோயிலில் ஒரு மாதா சொரூபம் இருக்கிறது. தாயார் இறந்தபோது தெரேசாவுக்கு வயசு 13. தாம் எதை இழந்தோம் என்று உணர்ந்ததும் ஒரு தேவமாதா சொரூபத்தின் முன்னால் போய், இனி நீதான் எனக்கு அம்மா என்று அழுதாள். அந்தச் சொரூபம் இதுதான் என்கிறார்கள். முன்பு ஆற்றங்கரையில் ஒரு சிறு கோயிலில் இருந்ததாம். அக்கா அங்கே சற்று நேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை.

மதிலுக்கு வெளியே வடக்கே பத்து நிமிஷம் இறங்கி நடந்தால் என்கார்னசியோன் மடம். 1535-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி, தகப்பனார் சம்மதம் இல்லாமல், விடியற்காலையில் வீட்டை விட்டு வந்து இங்கேதான் சேர்ந்தாள் இருபது வயசுத் தெரேசா. பக்தி மேலிட்டுப் பறந்து வந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பில் எலும்பெல்லாம் தனித்தனியாகப் பிடுங்கப்படுவதுபோல் இருந்தது என்று எழுதுகிறார். கல்யாணம் செய்துகொண்டு அம்மாவைப்போல் ஆவதற்கும் பயம். மடத்துக்கும் ஆசை இல்லை. நரகத்துக்குப் பயந்து வந்தேன் என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறார். இந்த நேர்மைதான் அந்தப் புத்தகத்தில் என்னைக் கவர்ந்தது.

இன்றும் அங்கே கன்னியாஸ்திரீகள் இருக்கிறார்கள். ஒரு பகுதியைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். தாழ்ந்த கூரை, குளிர்ந்த தரை, தலையணையாக வைத்துக்கொண்ட ஒரு மரக்கட்டை. சிலுவை அருளப்பர் என்ற மகான் இங்கே சில வருஷங்கள் ஆன்ம குருவாக இருந்தார். மேலேயிருந்து குனிந்து பார்ப்பதுபோல், சிலுவையில் தொங்கும் ஏசுநாதரை அவர் வரைந்த உள்ளங்கை அளவுச் சித்திரம் ஒன்று இருக்கிறது. சால்வடார் டாலி 1951-ல் தீட்டிய புகழ்பெற்ற படத்துக்கு இதுதான் வித்து.

ஆனால் நான் பார்க்க வந்தது வேறு. தெரேசம்மாள் இங்கே பிரார்த்தனை செய்யமுடியாமல் தவித்த வருஷங்கள் இருக்கின்றனவே, அதைத்தான்.

மடத்தில் சேர்ந்து மூன்றாம் வருஷம் கடுமையான வியாதி. நாட்டு வைத்தியம் செய்த ஒருத்தி மருந்து கொடுத்துக் கொடுத்து உயிரைப் பாதியாக்கினாள். 1539-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நான்கு நாள் பேச்சு மூச்சில்லை. மடத்தில் குழி வெட்டிவிட்டார்கள். தகப்பனார் ஒருவர் மட்டும் புதைக்கச் சம்மதிக்கவில்லை. கண் விழித்தபோது இமைகளில் மெழுகுவத்தியின் மெழுகு ஒட்டியிருந்தது. வலது கையில் ஒரு விரலைத் தவிர எதையும் அசைக்க முடியவில்லை. தவழ ஆரம்பித்தபோது கடவுளுக்கு நன்றி சொன்னாராம். எழுந்து நடமாடச் சுமார் மூன்று வருஷம் ஆயிற்று.

இத்தனை பட்ட பிறகு பக்தி பொங்கி வழிந்திருக்கும் என்று நாம் நினைப்போம். அதுதான் இல்லை. என்கார்னசியோன் மடம் அப்போது பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் நிறைந்த இடம். வசதியுள்ளவர்களுக்குத் தனி அறைகள், உறவுப் பெண்கள், வேலைக்காரிகள். வசதியில்லாதவர்களுக்குப் பொது அறை. தெரேசாவுக்கு நல்ல அறை கிடைத்திருந்தது. வருகிறவர்களோடு பேசுவதில் மகா சமர்த்து. எல்லாரும் அவரைத் தேடித்தான் வருவார்கள். பிரார்த்தனைக்கென்று தனியாக உட்கார்ந்தாலோ, மனசு நிற்காது. எப்போது மணி அடிக்கும், எப்போது எழுந்திருக்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எழுதுகிறார். ஜெப அறைக்குள் நுழையும்போதே துக்கம் வந்து கவிந்துகொள்ளுமாம். இப்படிப் பத்து நாள் இல்லை, ஒரு மாதம் இல்லை. சுமார் பதினெட்டு வருஷம்! நடுவிலே ஒரு வருஷத்துக்கு மேல் அடியோடு விட்டுவிட்டார். எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை என்று அடக்கம் பேசிக்கொண்டு விட்டேன், என் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு அது என்கிறார்.

இதை நான் அக்காவுக்கு அந்த முற்றத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். உபதேசம் செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன்.

"பதினெட்டு வருஷமா? ஒன்றும் வரவில்லையா?" என்றார்.

"எப்போதாவது கொஞ்சம். பாக்கி எல்லாம் வறட்சிதான் அக்கா."

"பின்னே எதற்காக உட்கார்ந்தாளாம்?"

இதற்கு நான் சொல்லும் பதிலைவிட அவருடைய பதிலே நன்றாக இருந்ததால் அதையே சொன்னேன். தெரேசம்மாள் பிரார்த்தனையைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு ஒப்பிடுகிறார். தோட்டம் ஆண்டவனுடையது, நாம் தோட்டக்காரர்கள். தண்ணீர் விடுவதற்கு நான்கு வழிகள். ஒன்று, கிணற்றிலிருந்து கையால் இறைப்பது; இடுப்பு ஒடியும். இரண்டாவது, சக்கரம் வைத்து இறைப்பது. சிரமம் குறைவு, தண்ணீர் அதிகம். மூன்றாவது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வாய்க்கால் வெட்டி விடுவது. நான்காவது மழை, அதில் நம் வேலை ஒன்றுமே இல்லை. ஆரம்பத்தில் எல்லாரும் கிணற்றடிக்காரர்கள்தாம். அதிலும் சில நாள் கிணற்றில் வாளியை விட்டால் வறண்டு கிடக்கும். அப்போதும் வாளியை இறக்கிப் பார்த்ததுதான் தோட்டக்காரனின் வேலை. செடியை வாடாமல் வைத்திருப்பது தோட்டத்துச் சொந்தக்காரனின் பொறுப்பு என்கிறார்.

அக்கா கிராமத்தில் வளர்ந்தவர். கிணற்றடி, ஏற்றம், வாய்க்கால் எல்லாம் அவருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. "சித்திரை வைகாசியில் எங்காத்துக் கிணறும் அப்படித்தான். வாளி தட்டென்று பாறையில் இடிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

1554-ல், தெரேசம்மாளின் 39-வது வயசில் மழை வந்தது. தபசு காலத்தில் மடத்துக்கு வந்திருந்த ஒரு சொரூபம், காயங்களோடு நிற்கும் ஏசுநாதர். அதன் எதிரே விழுந்து அழுதார். அதற்கப்புறம் தரிசனங்கள், குரல்கள், பரவச நிலைகள். ஒரு தேவதூதன் பொன் ஈட்டியால் இதயத்தைத் துளைத்ததாக அவர் சொன்ன தரிசனத்தை, பெர்னினி என்ற சிற்பி ரோமாபுரியில் சலவைக்கல்லில் செதுக்கியிருக்கிறான். உலகமே அதைப் போய்ப் பார்க்கிறது. அழகுதான். ஆனால் அந்த முகம் இருபது வயசு முகம். நம் அம்மாளுக்கு அப்போது நாற்பத்தைந்துக்கு அருகே! பிற்காலத்தில் ஒரு துறவி அவரை உட்காரவைத்து நிஜமாகவே படம் எழுதினார். பார்த்துவிட்டு, உம்மை ஆண்டவன் மன்னிக்கட்டும், என்னை இப்படிக் குரூபியாக்கிப் பீளைக் கண்ணும் வைத்துவிட்டீரே என்றாராம். எனக்கு அந்தப் பீளைக் கண் தெரேசம்மாளைத்தான் பிடித்திருக்கிறது.

தரிசனம் வந்ததால் சுகம் வந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை கடவுளைக் கண்டேன் என்றால் மத விசாரணைச் சபையின் கண் அவள் மேல் விழும். குருமார் கூடி யோசித்து, இது பிசாசின் வேலை என்று தீர்மானித்தார்கள். தரிசனம் வரும்போது விரலை மடக்கிப் பழிப்புக் காட்டு என்று உத்தரவு! எந்த முகத்தைக் காண ஏங்கினாரோ, அந்த முகத்துக்கு நேரே அழுதுகொண்டே பழிப்புக் காட்டினார். கீழ்ப்படிதலுக்காகச் செய்கிறேன், மன்னித்துக்கொள் என்று வேண்டிக்கொண்டாராம். பலர் நடுவே பரவசம் வந்துவிட்டால் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். தரையோடு ஒட்டிக்கொண்டு, என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சகோதரிகளிடம் கெஞ்சியிருக்கிறார். 1559-ல் ஸ்பானிய மொழியில் இருந்த பக்தி நூல்கள் பலவற்றைத் தடை செய்தார்கள். லத்தீன் தெரிந்த ஆண்களுக்கு நஷ்டமில்லை. படிப்பதற்கு அந்தப் புத்தகங்களைத் தவிர வேறு கதியில்லாத பெண்களுக்குத்தான் இடி. தெரேசம்மாள் தாமே எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மத்தியானத்துக்கு மேல் சூசையப்பர் மடத்துக்குப் போனோம். மதிலுக்குக் கிழக்கே, சின்னத் தெருவில் சின்ன மடம். அவிலாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வெளிநாட்டில் இருந்த தம்பி அனுப்பிய பணம் சமயத்துக்கு வந்தது. தங்கையும் தங்கை புருஷனும் தங்களுக்கென்று சொல்லி வீட்டை வாங்கினார்கள். ரோமாபுரியிலிருந்து அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. 1562-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி, நான்கு ஏழைப் பெண்களோடு மடம் தொடங்கியது. அன்றே ஊர் கொதித்தெழுந்தது! மானியம் இல்லாத மடத்துக்கு யார் சோறு போடுவது என்று நகரசபை கூடியது. மடத்தை மூடவேண்டும் என்றார்கள்; வழக்குப் போட்டார்கள். உள்ளே நான்கு பெண்கள் கதவைத் தாளிட்டுக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் ஊர்தான் ஓய்ந்தது.

இந்த மடத்தில் பட்டம் கிடையாது, பரம்பரை கிடையாது. பதின்மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்பது முதலில் போட்ட கணக்கு. எல்லாரும் நூல் நூற்கவேண்டும். எல்லாரும் முறை போட்டுச் சமைக்கவேண்டும். தலைவிக்கும் அடுப்பு முறை உண்டு. அவர் முறை வரும்போது சாப்பாடு ருசியாக இருக்கும் என்பார்கள். கீழ்ப்படிதல் உங்களைச் சமையலறைக்கு அனுப்பினால் வருந்தாதீர்கள், சட்டிபானைகளுக்கு நடுவிலும் ஆண்டவன் நடமாடுகிறான் என்று சகோதரிகளுக்குச் சொன்னவர் இவர்தான். வாணலியைக் கையில் பிடித்தபடியே ஒருநாள் பரவசமாகிவிட்டார் என்று ஒரு கதையும் உண்டு. எண்ணெய் கொட்டிவிடப்போகிறதே என்று பக்கத்தில் இருந்தவளுக்குத்தான் கவலையாம்.

இங்கே ஒரு சிறு காட்சி அறையில் ஒரு குதிரைச் சேணம் இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் அடுத்த இருபது வருஷம் விளங்கும். 52 வயசில் புறப்பட்டவர், மூடுவண்டியிலும் கோவேறு கழுதையிலும் ஸ்பெயின் முழுக்க அலைந்து, மொத்தம் பதினேழு மடங்களை நிறுவினார். மெதினா நகரத்துக்கு நடுராத்திரியில் போய்ச் சேர்ந்தபோது, மறுநாள் விழாவுக்காகக் காளைகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்! வாங்கிய வீட்டுக்குச் சுவரே பாதிதான் இருந்தது. டொலீடோவில் கையில் மூன்று நான்கு காசு. அதில் இரண்டு படங்களை வாங்கிவிட்டார். அப்புறம் இரண்டு வைக்கோல் மெத்தை, ஒரு போர்வை. சலமான்கா நகரத்தில் மாணவர்களைக் காலி செய்வித்த பெரிய இருட்டு வீடு. முதல் இரவு அவரும் இன்னொரு கன்னியாஸ்திரீயும் மட்டும். கல்லறைத் திருநாள் ராத்திரி. ஊரெல்லாம் சாவு மணி. அந்த அம்மாளுக்குப் பயம். இப்போது நான் செத்துப்போனால் நீங்கள் தனியாக என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அது நடக்கும்போது யோசித்துக்கொள்கிறேன், இப்போது தூங்கவிடு என்றார் தெரேசம்மாள்.

ஓரிடத்தில் நில்லாத, ஊர் சுற்றும் பெண்பிள்ளை என்று போப்பாண்டவரின் தூதர் அவரைத் திட்டினார். ஒரு பெரிய இடத்துச் சீமாட்டி கோபித்துக்கொண்டு புகார் செய்ததால், 1575 முதல் அவருடைய 'சரித்திரம்' மத விசாரணைச் சபையின் கையில் சிக்கியது. அவர் உயிரோடு இருந்தவரையில் அது திரும்பி வரவில்லை. இன்னொரு புத்தகத்தில், உலகத்து நீதிபதிகள் எல்லாரும் ஆண்கள், பெண்ணிடம் உள்ள எந்த நல்ல குணமும் அவர்களுக்குச் சந்தேகமாகவே படுகிறது என்று ஆண்டவனிடம் முறையிட்டு எழுதியிருந்தார். சோதித்துப் பார்த்த குரு ஆட்சேபித்தார். திரும்ப எழுதியபோது அந்த இடம் காணாமல் போயிற்று. ஆனால் முதல் பிரதி தப்பிவிட்டது. இப்போது எல்லாரும் படிக்கலாம்.

வெளியே வந்தபோது பசித்தது. அவிலாவின் கடைகளில் எங்கே பார்த்தாலும் அட்டைப் பெட்டியில் மஞ்சள் உருண்டைகள், மேலே சர்க்கரை தூவி, ஒவ்வொன்றும் சின்னக் காகிதக் கிண்ணத்தில். பெட்டியின் மேல் தெரேசம்மாள் பெயர். "ரவா லட்டு மாதிரி இருக்கே!" என்று அக்கா கையை நீட்டினார். முட்டையின் மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் கிளறிப் பிடித்தது என்று கடைக்காரி கையால் கோழி மாதிரி சிறகடித்துக் காட்டினாள். அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இரண்டு பெட்டி வாங்கினேன், என் கணவருக்கு என்று சொல்லி.

தெரேசம்மாள் அவிலாவில் சாகவில்லை. 67 வயசில், புர்கோஸ் நகரத்து வெள்ளத்தில் நனைந்து நொந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவரை, ஆல்பா என்ற ஊருக்கு வரும்படி உத்தரவு வந்தது. அந்த ஊர்ப் பிரபு வீட்டு மருமகளுக்குப் பிரசவம். புண்ணியவதி பக்கத்தில் இருக்கவேண்டுமாம். வழியில் சாப்பிட உலர்ந்த அத்திப்பழத்தைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. நல்லவேளை, இனி இந்தப் புண்ணியவதி தேவையில்லை என்று சிரித்தாராம். அங்கேயே படுத்தார். 1582, அக்டோபர் 4-ந் தேதி இரவு உயிர் பிரிந்தது. மறுநாள் அக்டோபர் 15! பஞ்சாங்கத்தைத் திருத்துவதற்காக நடுவில் பத்து நாளை எடுத்துவிட்டார்கள். அந்த ராத்திரி பார்த்தா அவர் போகவேண்டும்? 1622, மார்ச் 12-ந் தேதி அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அதே நாளில் அந்தப் பட்டம் பெற்ற ஐவரில் ஒருவர், நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்து திரிந்த சவேரியார். 1970, செப்டம்பர் 27-ந் தேதி போப்பாண்டவர் ஆறாம் பால் இவரைத் திருச்சபையின் ஆசிரியர்களில் ஒருவராக அறிவித்தார். அந்த ஸ்தானத்தில் வைக்கப்பட்ட முதல் பெண் இவர்.

மாலை ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அதிகம் பேசாமல் வந்தார். எஸ்கோரியால் தாண்டும்போது, "மணி அடிக்கிறதா என்று கேட்டுண்டே உட்கார்ந்தாளாக்கும்!" என்று தனக்குத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

ஹோட்டலில் எங்கள் அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. மறுநாள் விடியற்காலை, போர்வை வேண்டுமா என்று கேட்கலாமென்று மெதுவாகத் திறந்தேன். அக்கா குளித்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, கட்டிலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே விளக்கும் இல்லை, படமும் இல்லை. ஹோட்டலின் வெள்ளைச் சுவர்தான். கண் மூடியிருந்தது. சற்றுப் பொறுத்து ஒரு கண்ணைத் திறந்து மேஜை மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் மூடிக்கொண்டார்.

நான் சத்தம் செய்யாமல் கதவைச் சாத்தினேன்.